வள்ளியூர் பத்து நிமிஷம் நிற்கும்

ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டப் பதினைந்து நிமிஷம் போதும். நாலு திருகு, ஒரு வயர், மேலே ஒரு மூடி. அதை ஒரு மனுஷனுக்கு வாயாக ஆக்க நாற்பத்தைந்து நாள் வேண்டும். இந்த இரண்டில் எதற்குப் பெயர் பொருத்துவது என்று என்னிடம் முதலிலேயே கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பேன். யார் கேட்டார்கள்? அதைக் கேட்க ஒரு ஆணையமும் ஒரு வக்கீலும் ஒரு தீர்ப்பும் தேவைப்பட்டது.

என் பெயர் ஜெபக்கனி. ஊர் பணகுடி. பதினாறு வருஷமாக வாய்ப்பெட்டி பொருத்துகிறேன். கம்பெனி அதற்கு ஏதோ நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது, ஜனங்களுக்கு அது வாய்ப்பெட்டிதான். பக்கவாதம் வந்து பேச்சு குழம்பிப் போனவர்கள் வீட்டில் மாட்டுவது. அவர்களுக்கு நினைப்பெல்லாம் தெளிவாக இருக்கும். வார்த்தை மட்டும் வேறு எதையோ கொண்டு வந்து கொட்டும். சோறு வேண்டும் என்று நினைத்துச் செருப்பு என்பார்கள். அந்தச் செருப்பைக் கேட்டுப் பெட்டி, "சோறு வேணும்" என்று தெளிவாக உரக்கச் சொல்லும்.

ஆனால் செருப்பு என்றால் சோறு என்று பெட்டிக்கு யார் சொல்லித் தருவது? அந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணிய ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, "இவர் இப்படிச் சொன்னால் இது" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இதைத்தான் நாங்கள் பழக்குவது என்போம். நான் கூடவே இருந்து பெட்டி சரியாகப் பிடித்துக்கொள்கிறதா என்று பார்ப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். நான் போகும் வீடெல்லாம் பெட்டி பேசுவதற்குள் நான் பேசி முடித்துவிடுகிறேன் என்று ஒரு புகாரே உண்டு.

இந்தக் கதையை நான் யாரையும் குறை சொல்லச் சொல்லவில்லை. நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான்.

நாகர்கோவில் வடசேரியில் பால்துரை என்று ஒரு அண்ணாச்சி. இருபத்தெட்டு வருஷம் நாகர்கோவில் - திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டர். இப்போது பஸ் தானாக ஓடுகிறது, முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிறது, காசு தானாகப் போய்விடுகிறது. கண்டக்டர் என்கிற வேலையே போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. அண்ணாச்சி ஓய்வு பெற்று வீட்டில் இருக்கையில் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே சரிந்துவிட்டார். பிழைத்து எழுந்து உட்கார்ந்தபோது அவர் வாயில் மிச்சம் இருந்தது பஸ் மட்டும்தான். ஊர்ப் பெயர்களும், கண்டக்டர் போடும் சத்தமும். பெண்டாட்டி பெயர் கூட வரவில்லை.

அந்த வீட்டுக்கு நான் முதல் முறை போனது நாலு வருஷத்துக்கு முன்னால். அவர் சம்சாரம் சொர்ணம், நான் மைனி என்று கூப்பிடுவேன், அவள்தான் பெட்டிக்குப் பழக்க உட்கார்ந்தாள்.

"ஆரல்வாய்மொழி!" என்றார் அண்ணாச்சி.

"ஃபேனைக் குறைக்கச் சொல்லுதாவ," என்றாள் மைனி.

"எப்படி மைனி?"

"ஆரல்ல பேய்க்காத்துல்லா அடிக்கும்? குளிருதாம்."

நான் பெட்டிக்கு ஏற்றினேன். அடுத்தது, "உள்ள போங்க, உள்ள போங்க!" என்றால் சுற்றி நிற்காதே, கொஞ்சம் தனியாக விடு. "சில்லறையா குடுங்க!" என்றால் சோறு கொஞ்சமாகப் போடு. "வள்ளியூர், பத்து நிமிஷம் நிக்கும்!" என்று கத்தினால் கக்கூஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். அந்தக் காலத்தில் வள்ளியூரில் வண்டி பத்து நிமிஷம் நிற்கும், ஜனங்கள் இறங்கி ஓடுவார்கள். நானே ஓடியிருக்கிறேன்.

எனக்கு அது வேலை மாதிரியே இல்லை. ரெண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பாஷையை உண்டாக்கி வைத்திருந்தார்கள், நான் உட்கார்ந்து படித்தேன். பன்னிரண்டாம் நாள் பெட்டி முதல் தடவை தானாக வாயைத் திறந்து, "சொர்ணம், ஃபேனைக் கொஞ்சம் குறை" என்றது. மைனி அரிவாள்மணையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏ ஜெபா, ஏழு மாசம் கழிச்சு எம்பேரைச் சொல்லுதாவ பாரு," என்றாள். அழுதாள். பிறகு ஃபேனைக் குறைக்க மறந்துபோய் நின்றாள், அண்ணாச்சி மறுபடி "ஆரல்வாய்மொழி!" என்று கத்த வேண்டியிருந்தது.

மைனி போன வருஷம் இறந்துபோனாள். மூன்றே நாள் காய்ச்சல். மகள் விஜிலா ஓசூரில் இருந்த வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு வந்து இருந்துகொண்டாள். அவள் வெளியூரில் விடுதியில் படித்து வளர்ந்த பிள்ளை, அப்பாவின் பஸ் பாஷை அவளுக்குத் தெரியாது. பெட்டி இருந்ததால் பிழைப்பு ஓடியது. அவர் சத்தம் போடுவார், பெட்டி சொல்லும், அவள் செய்வாள். பெட்டி சொல்வதைத்தான் கேட்பாள், அவர் போடும் சத்தத்தைக் காதில் வாங்கிப் பழகவில்லை.

அப்புறம் பெட்டி சூடாக ஆரம்பித்தது. முதலில் வார்த்தையை முழுங்கியது, பிறகு முனகியது, ஒரு நாள் ஊமையாகிவிட்டது. அந்த வருஷம் வந்த பெட்டிகளில் உள்ளே இருக்கும் நினைவுத் தகடே மோசமாம். கம்பெனியே ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டு, கூரியரில் புதுப் பெட்டியும் அனுப்பியது. கூடவே ஒரு கடிதம்: பழுதான பொருளுக்குப் பதில் புதுப் பொருள் இலவசம், பழையதைக் கழற்றுவது, புதியதை மாட்டுவது, பழக்குவது எல்லாம் வாடிக்கையாளர் பொறுப்பு.

விஜிலா எனக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பழசுல உள்ளதைப் புதுசுல ஏத்திர முடியாதா?"

"முடியாதும்மா. அது எழுதி வச்ச நோட்டு இல்ல. தயிர் மாதிரி. உள்ளேயே உறைஞ்சது. கெட்டுப்போன தயிரை எடுத்து உறை ஊத்தினா புதுப் பாலும் கெட்டுரும்."

"அப்ப முதல்ல இருந்து பழக்கணுமா?"

"ஆமா."

"யாரு பழக்குவா? அம்மை இல்லையே அக்கா. நேத்து 'காவல்கிணறு, காவல்கிணறு'ன்னு ஒரு மணி நேரம் கத்தினாவ. எனக்கு ஒண்ணும் விளங்கல. கடைசில அவியளே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துட்டாவ. இப்ப கத்துறதே இல்ல. பேசாமயே இருக்காவ."

காவல்கிணறு என்றால் முதுகு வலிக்கிறது, தலையணை வை என்று அர்த்தம். எனக்குத் தெரியும். நாற்பத்தைந்து நாள் உட்கார்ந்து கேட்டவள் நான். போனிலேயே சொன்னேன். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் போன் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? அந்த வீட்டில் நான் எழுதிய குறிப்பும் கம்பெனி கையில் இருந்தது. கம்பெனி உத்தரவு இல்லாமல் ஒரு வீட்டில் போய் நான் ஒரு திருகு முடுக்கினாலும் என் லைசென்ஸ் போய்விடும். கம்பெனியில் கேட்டேன். பெட்டி கொடுத்தாயிற்று, அதோடு எங்கள் கடமை முடிந்தது என்றார்கள்.

விஜிலா அப்பா மாதிரியே பிடிவாதக்காரி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டுவிட்டாள்.

வேடிக்கையைக் கேளுங்கள். கம்பெனி தன் பக்கத்துச் சாட்சியாக என்னையே கூப்பிட்டது. சென்னையிலிருந்து வந்திருந்த வக்கீல் பெயர் கோகுலவாசன். நல்ல மனுஷன்தான், மெதுவாகப் பேசுவார். வராண்டாவில் என்னை நிறுத்தி, "உங்ககிட்ட ஒரே கேள்விதான்மா. பெட்டியை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்னு கேப்பேன். பதினஞ்சு நிமிஷம்னு சொல்லுங்க. உண்மைதானே?" என்றார்.

உண்மைதான். அதுதான் என்னை அரித்தது.

உள்ளே ஆணையத்தின் தலைவராக மீனலோசனி என்ற அம்மா இருந்தார்கள். மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள், அதிகம் பேச மாட்டார்கள். அண்ணாச்சியை விஜிலா கைத்தாங்கலாகக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பாதி வாயால் சிரித்தார். மறு பாதி அந்த வியாதிக்குப் பிறகு சிரிப்பதில்லை.

கோகுலவாசன் எழுந்தார். "மேடம், பழுதான பொருளுக்குப் பதிலாக நல்ல பொருளை நாங்கள் கொடுத்துவிட்டோம். மாட்டுவதற்குப் பதினைந்து நிமிடம். அதைக் கூட நல்லெண்ணத்தில் செய்து தருகிறோம். ஆனால் அவருடைய பேச்சைப் பெட்டிக்குப் பழக்கியவர் அவருடைய மறைந்த மனைவி. அது நாங்கள் விற்ற பொருள் இல்லை. அன்பினால் அவர் செய்தது. ஒருவருடைய அன்பை மறுபடி செய்து தருவது கம்பெனியின் பொறுப்பாகுமா?"

எனக்கே ஒரு நிமிஷம் அது நியாயம் மாதிரி பட்டது. அதுதான் வக்கீல்.

"பெட்டி நன்றாக இருக்கிறது என்பதை இங்கேயே காட்டுகிறோம்," என்று சொல்லிப் புதுப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்து இணைப்புக் கொடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது. "ஐயா, ஏதாவது பேசுங்கள்."

அண்ணாச்சி பெட்டியைப் பார்த்தார். காலையில் எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர், வராண்டாவிலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தவர். திடீரென்று, "வள்ளியூர், பத்து நிமிஷம் நிக்கும்!" என்றார்.

பெட்டி உடனே அழகாகச் சொன்னது: "பேருந்து வள்ளியூரில் பத்து நிமிடங்கள் நிற்கும்."

"கேட்டீர்களா மேடம்?" என்றார் கோகுலவாசன் சந்தோஷமாக. "ஒரு பிழை இல்லை."

"வள்ளியூர்! வள்ளியூர்! பத்து நிமிஷம்!" அண்ணாச்சி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"பேருந்து வள்ளியூரில் பத்து நிமிடங்கள் நிற்கும்," என்றது பெட்டி, அதே மரியாதையோடு. விஜிலா அவர் தோளைத் தொட்டு, "என்னப்பா? என்ன வேணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் அவளைப் பார்த்துக் கத்தினார், பெட்டியைப் பார்த்துக் கத்தினார், பெட்டி மறுபடியும் வள்ளியூரைப் பற்றித் தகவல் சொன்னது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இருக்கிறதே! சாட்சி கூப்பிட்டால்தான் பேச வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோய் எழுந்து நின்று கத்திவிட்டேன்.

"ஐயோ, அவியளுக்கு ஒண்ணுக்கு வருது! கூட்டிட்டுப் போங்கய்யா!"

ஆணையத்து டவாலி நல்ல மனுஷன். ஒரே எட்டில் வந்து அண்ணாச்சியைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிப் போய்விட்டார். தப்பித்தோம். அந்த டவாலிக்கு இன்றைக்கும் நான் மனசுக்குள் கும்பிடு போடுகிறேன். ஒரு நிமிஷம் தாமதமாகியிருந்தால், இருபத்தெட்டு வருஷம் ஒரு பஸ் ஜனத்தை அதட்டி நிறுத்திய மனுஷன் அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டிருப்பார்.

தலைவரம்மா கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். "நீங்க யாரு?"

"ஜெபக்கனிம்மா. கம்பெனி சாட்சி."

"கம்பெனி சாட்சியா?" என்று கோகுலவாசனை ஒரு பார்வை பார்த்தார்கள். "சரி, இப்பவே சாட்சி சொல்லுங்க. இந்தப் பெட்டியைப் பொருத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

வக்கீல் என்னைப் பார்த்தார். பதினாறு வருஷச் சோறு போட்ட கம்பெனி. என் வீட்டில் ஒரு ஆள் சம்பாத்தியம்தான், அது என்னுடையது. ஆனால் வெளியே அண்ணாச்சி இன்னும் திரும்பி வரவில்லை, நாற்காலி காலியாக இருந்தது.

"மாட்டப் பதினஞ்சு நிமிஷம்மா. பொருத்த நாப்பத்தஞ்சு நாள். மாட்டினது மட்டும்தான் இப்ப நீங்க பார்த்தது."

"முதல்ல பழக்கினப்ப அந்த நாப்பத்தஞ்சு நாளும் நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். கம்பெனிதான் அனுப்புச்சு. அது இல்லாம பெட்டிய யாரும் வாங்க மாட்டாங்கம்மா."

"அப்ப அதுவும் சேர்ந்துதான் விற்பனை." எழுதிக்கொண்டார்கள். நிமிர்ந்து, "இன்னொண்ணு கேக்கறேன். இந்த வார்த்தைக்கு இதுதான் அர்த்தம்னு யாரு சொன்னாங்க?" என்றார்கள்.

"அவிய வீட்டம்மா."

"அவரைக் கேட்டீங்களா?"

"எவரை?"

"பேசறவரை."

பதினாறு வருஷத்தில் எத்தனை வீடு! ஒரு வீட்டில் கூட அதை நாங்கள் கேட்டதில்லை. ரசீதில் கையெழுத்துப் போட்டது மைனி, பழக்கியது மைனி, சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதும் மைனி. அவர் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கேக்கலம்மா," என்றேன்.

தீர்ப்பு அடுத்த வாரம் வந்தது. தலைவரம்மாவே வாசித்தார்கள். பழுதான பொருளை மாற்றிக் கொடுப்பது என்றால், பழுது வருவதற்கு முந்தின நாள் அந்த வீடு எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவந்து விடுவது. கழற்றுவது, மாட்டுவது, பழக்குவது எல்லாமே விற்றவர் செலவு. ஏற்கெனவே பொருத்தியவரே மறுபடி பொருத்த வேண்டும். ஒவ்வொரு வார்த்தையும் பேசுகிறவருடைய சம்மதத்தோடு ஏற்றப்பட வேண்டும்.

கோகுலவாசன் எழுந்து, "அவருக்கு ஆமாம், இல்லை என்பதே மாறி மாறி வருகிறதே மேடம், சம்மதத்தை எப்படிக் கேட்பது?" என்றார்.

"வழி கண்டுபிடிங்க. அதுவும் பொருத்தறதுல சேர்ந்ததுதான்."

தெய்வமே, அந்த அம்மா நல்லா இருக்கணும். விஜிலா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வழியைக் கண்டுபிடித்தது விஜிலாதான். நான் போய் இரண்டு நாள் திண்டாடினேன். "முதுகு வலியா அண்ணாச்சி?" என்றால் ஆமா என்று சொல்லிக்கொண்டே தலையை ஆட்டி மறுப்பார். தனக்கே அது தெரிந்து எரிச்சலில் தொடையில் அடித்துக்கொள்வார். மூன்றாம் நாள் அவள் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் ஒரு விசில் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்பா, ஒண்ணு அடிச்சா நிப்பாட்டு. ரெண்டு அடிச்சா போலாம்."

அண்ணாச்சி விசிலைப் புரட்டிப் பார்த்தார். நல்ல பக்கத்து உதட்டில் வைத்து ரெண்டு அடித்தார் பாருங்கள், தெருவில் போன ஆட்டோ நின்றுவிட்டது. வாய் தப்பாகச் சொன்ன ஆமாவும் இல்லையும் விசிலில் ஒரு தடவை கூடத் தப்பவில்லை.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. நான் முன்பு குறித்து வைத்த அர்த்தத்தைச் சொல்வேன், அவர் விசிலடிப்பார், ரெண்டு வந்தால் பெட்டிக்கு ஏற்றுவேன். முக்கால்வாசி ரெண்டுதான். மைனி கெட்டிக்காரி. சிலது ஒரு விசில் வாங்கியது. "படியில நிக்காதீங்க!" என்றால் பார்த்து நட என்று மைனி சொல்லியிருந்தாள். அது இல்லையாம். வாசலில் நிற்காதே, உள்ளே வந்து உட்கார் என்பதாம். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருஷமாக அந்தப் படியைத் தடவித் தடவி ஏறிக்கொண்டிருந்தார், பாவம்.

பெட்டி மெல்ல மெல்ல வாயைத் திறந்தது. "விஜிலா, முதுகுக்குத் தலையணை வை" என்று அது சொன்ன அன்றைக்கு அவள் தலையணையை எடுத்துக்கொண்டு ஓடிய ஓட்டம் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. அண்ணாச்சியும் மறுபடி கத்த ஆரம்பித்தார். வீடு பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் தலைவலி வந்தது.

முப்பத்தோராம் நாள் மத்தியானம் ஒரு வார்த்தை வந்தது. "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார் அண்ணாச்சி என்னைப் பார்த்து.

என் குறிப்பில் தண்ணீர் வேண்டும் என்று இருந்தது. மைனி சொன்னதுதான். பழைய பெட்டியும் அப்படித்தான் சொல்லும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும். நான் போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார்.

"தண்ணி. சரியா அண்ணாச்சி?"

ஒரு விசில்.

"இல்லையா? காப்பியா?"

ஒரு விசில்.

"மாத்திரையா? வெளிய போகணுமா? டிவி போடவா?"

ஒன்று, ஒன்று, ஒன்று. "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று விரலை என் பக்கமே நீட்டினார். எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. நான் என்ன டிக்கெட்டைக் கண்டேன்?

விஜிலா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மணி ரெண்டாயிட்டே அக்கா, அது கிடக்கட்டும். நீங்க சாப்பிட்டியளா?"

ரெண்டு விசில்.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அண்ணாச்சி விசிலை வாயிலிருந்து எடுக்காமலே மறுபடி ரெண்டு அடித்தார்.

"சாப்பிட்டியான்னு கேக்கியளா அண்ணாச்சி?" என்றேன்.

ரெண்டு விசில்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் நாற்பத்தைந்து நாளும் மத்தியானம் ஆனால் என்னைப் பார்த்து இதைக் கேட்பார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவேன். பாவி மனுஷன் மறுக்காமல் வாங்கிக் குடிப்பார். எத்தனை செம்புத் தண்ணீர்! சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எப்போது அழுகை வந்தது என்று தெரியவில்லை. தன் வாயில் பெண்டாட்டி பெயர் கூட வராத நிலையில் ஒரு மனுஷன், வீட்டுக்கு வேலைக்கு வந்தவள் பட்டினியா என்று கேட்டிருக்கிறார். நான் போன எந்த வீட்டிலும் இவ்வளவு விடாமல் யாரும் கேட்டதில்லை.

விஜிலாவின் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. "அப்ப அம்மைகிட்டயும் இதைத்தானே கேட்டிருப்பாவ? அம்மை அது தெரியாமயே செத்துட்டாளா அக்கா?"

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பழைய பெட்டி "தண்ணி வேணும்" என்று சொல்லும்போதெல்லாம் மைனி செம்போடு வருவாள். வரும்போதே, "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் வருவாள். தண்ணீர் கொண்டுவந்தாச்சு என்று சொல்கிறாள் போல என்று நான் நினைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, மைனிக்கு இது என்னன்னு தெரியுமா?"

ரெண்டு விசில்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் பெட்டிக்குத் தண்ணின்னு சொல்லிக் குடுத்தாவளா?"

ரெண்டு விசில். பாதி வாயில் சிரிப்பு.

"ஏன் அக்கா?" என்றாள் விஜிலா.

"பெட்டி ஊருக்கே கேக்க 'சொர்ணம், சாப்பிட்டியா'ன்னு கத்தும்ல? அவளுக்கு வெக்கமா இருந்திருக்கும். இல்லேன்னா, அவிய கேக்கணும், பெட்டி கேக்கக் கூடாதுன்னு நினைச்சிருப்பா. எல்லாத்தையும் பெட்டிக்குக் குடுத்துட்டு இந்த ஒண்ணைத் தனக்கு வச்சுக்கிட்டா."

விஜிலா அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் நல்ல கையால் அவள் தலையைத் தட்டிக்கொடுத்து, "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார். "ஆச்சுப்பா, ஆச்சு," என்றாள் அவள்.

கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன், அதுதானே உத்தரவு. "அண்ணாச்சி, இதைச் சாப்பிட்டியான்னு பெட்டிக்கு ஏத்திரட்டுமா?"

ஒரு விசில். யோசிக்கவே இல்லை.

நாற்பத்தைந்தாம் நாள் அறிக்கை எழுதினேன். ஒரு வார்த்தை மட்டும் வாடிக்கையாளர் விருப்பப்படி பழக்கப்படவில்லை, மற்றபடி பொருத்தம் பூர்த்தி. வாடிக்கையாளர் கையெழுத்து என்ற இடத்தில் அண்ணாச்சி இடது கையால் நெடுநேரம் எடுத்துத் தானே போட்டார். கோகுலவாசன் போனில் கூப்பிட்டு, "ஒரு வார்த்தை பாக்கின்னு எழுதியிருக்கீங்களே, வேலை முடியலைன்னு ஆகிடாதா?" என்று கேட்டார். "அதை விட்டதாலதான் சார் வேலை முடிஞ்சுது," என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கம்பெனி எனக்கு வேலை குறைத்துவிட்டது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை வீடுகள் என்னைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கின தெரியுமா? இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பேசுகிறவரைத்தான் முதலில் கேட்கிறேன். தலைவரம்மா போட்ட பிச்சை அது.

கையெழுத்தான அன்றைக்குச் சாமான் பையைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். "அண்ணாச்சி, போயிட்டு வாரேன்," என்றேன்.

"டிக்கெட் எடுத்தாச்சா?"

பெட்டி வாயைத் திறக்கவில்லை. நான்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

காலையில் ஐந்து மணிக்குப் பொங்கிப் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்கிறவள் நான். எனக்கென்று கட்டி எடுத்து வர நேரம் இருந்ததில்லை. எந்த வீட்டில் கேட்டாலும் ஆச்சு என்று சொல்லிவிடுவேன், மைனியிடமும் அப்படித்தான் சொன்னேன். நாக்குப் பழக்கம், அன்றைக்கும் வந்தது. "ஆச்சு அண்ணாச்சி."

அவர் என்னைப் பார்த்தார். டிக்கெட் எடுக்காமலே எடுத்தேன் என்பவர்களை இருபத்தெட்டு வருஷம் பார்த்த கண். விசிலை எடுத்து, நீளமாக ஒன்று அடித்தார்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். "இல்ல அண்ணாச்சி," என்றேன். "இன்னும் எடுக்கல."

விஜிலா தட்டு எடுத்து வைத்தாள். பையை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். பருப்பும், வாழைக்காய்ப் பொரியலும். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அண்ணாச்சி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கை கழுவிவிட்டு வந்து பையைத் தூக்கினேன், அப்போதுதான் ரெண்டு விசில் அடித்தார்.